எட்டெழுத்தும் பத்தெழுத்தும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் சொல்லின் நீளம்

மட்டக்களப்பு என்பது தமிழில் எட்டெழுத்துச் சொல். அந்த ஊரின் ஆங்கிலப் பெயருக்குப் பத்தெழுத்து, சிங்களப் பெயருக்கு ஆறெழுத்து. மும்மொழிப் பெயர்ப்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் இந்த மூன்றும் ஒரே இடத்தையே சுட்டுகின்றன. ஆனால் ‘இத்தனை எழுத்து இருக்க வேண்டும், இன்ன எழுத்து இன்ன இடத்தில் வர வேண்டும்’ என்று நிபந்தனை வைத்துச் சொல் தேடுபவருக்கு மூன்றும் வெவ்வேறு சரக்கு. குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்புபவர், ஸ்கிரபிள் ஆடுபவர், கைபேசியில் தினமும் ஐந்தெழுத்துச் சொல்லொன்றை ஊகிப்பவர் எல்லோரும் செய்வது இந்தத் தேடலைத்தான். ஆங்கில எழுத்துகளை வைத்து ஆடும் இவ்விளையாட்டு வாவிக்கரைத் தமிழரிடம் வரும்போது எழுத்தை எப்படி எண்ணுவது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்விக்குத் தமிழிலக்கணத்தில் மிகப் பழைய விடைகள் உண்டு, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவை.

ஆங்கிலத்தில் எண்ணுவது எளிது. மொத்தம் 26 எழுத்து. உயிரோ மெய்யோ ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் தனித்து நிற்கும். ஒலிக்காத எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. இந்த எளிமைதான் 1913 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆதர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துப் புதிரைச் சாத்தியமாக்கியது. 1930களில் அல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அந்த விகிதத்தில் வில்லைகளைப் பங்கிட்டு ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். அது 1948இல் ஸ்கிரபிள் என்ற பெயரைப் பெற்றது. அதன் 100 வில்லைகளில் ‘ஈ’ 12, ‘ஏ’ 9, ‘ஐ’ 9, ‘ரீ’ 6. ‘கே’ ஒன்றே ஒன்று. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று வில்லைகள் இரண்டு. ஜோஷ் வார்டில் என்பவர் 2021இல் பொதுவில் விட்ட வேர்டில் ஆட்டம் ஐந்தெழுத்துச் சொல், ஆறு முயற்சி என்று இன்னும் சுருங்கியது. 2022 ஜனவரி இறுதியில் நியூயோர்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிற்று.

மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரையே இந்த ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதன் பத்து எழுத்துகள் வரிசையாக பீ, ஏ, ரீ, ரீ, ஐ, சீ, ஏ, எல், ஓ, ஏ. ‘ஏ’ மூன்று தடவையும் ‘ரீ’ இரண்டு தடவையும் வருவதால் வேறுவேறான எழுத்துகள் ஏழுதான். இரண்டாம் எழுத்திலிருந்து ஆறாம் எழுத்துவரை அப்படியே எடுத்தால் கூரைக்கடியிலுள்ள அறையைக் குறிக்கும் ‘அற்றிக்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் முழுதாகக் கிடைக்கிறது. எழுத்துகளை இடம் மாற்றினால் மொத்தம் என்று பொருள்படும் ‘ரோற்றல்’, சொல்லாமல் உணர்த்துவது என்று பொருள்படும் ‘ரசிற்’, இசைக்கருவியான தபேலா ஆகிய ஐந்தெழுத்துச் சொற்கள் வரும். நீல நிறமிக்குப் பயன்படும் உலோகமான கோபால்ற் என்பதற்கு ஆறெழுத்தும் தேறும். நாலெழுத்தில் தோணியைக் குறிக்கும் ‘போற்’ கிடைக்கிறது. வாவிக்கரை ஊரின் பெயருக்குள் ஒரு தோணி இருப்பது பொருத்தந்தான். ‘ஓ, ஏ’ என்று முடிவது ஆங்கிலத்தில் அரிது. ‘போவா’ என்ற மலைப்பாம்பு, ‘கொக்கோ’, ‘குயினோவா’ தானியம் என்று ஒரு சிறு கூட்டமே தேறும்.

இங்கே ‘ரீ’ என்று எழுதியது இலங்கைத் தமிழ் வழக்கு. ஆங்கில எழுத்து வரிசையின் இருபதாவது எழுத்தையும் நான்காவது எழுத்தையும் தமிழ்நாட்டார் ‘டி’ என்றே எழுதுவர். இலங்கையில் இருபதாவது எழுத்து ‘ரீ’, நான்காவது ‘டீ’. அதனால்தான் கடைத்தெருவில் ரின் மீன், ரோச் லைற், ரயர் என்றும், மறுபுறம் டொக்டர், டீசல் என்றும் எழுதுகிறார்கள். இரண்டு எழுத்துகளின் வேறுபாடு தமிழ் எழுத்திலும் தப்பிப் பிழைக்கிறது. எழுத்தை வைத்துச் சொல் தேடும் ஆட்டத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் ‘பீ’ விடயத்தில் இந்த வசதி இல்லை. இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் ஒரே ‘பீ’யாகவே நிற்கின்றன. மேலே சொன்ன ‘போற்’ தோணியா, வேறு சொல்லா என்பதைப் பொருளைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் சொல்லை எழுத்தெண்ணி வகுப்பது தொல்காப்பியத்திலேயே தொடங்குகிறது. அதன் மொழிமரபு, சொற்களை ஓரெழுத்தாலானவை, ஈரெழுத்தாலானவை, இரண்டைக் கடந்து நீள்பவை என்று மூன்றாகப் பிரித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதை இன்னும் நுணுக்கினார். சிறப்பாகப் பொருள் தரும் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்கிட்டார். உயிரெழுத்து வரிசையிலும் மகர வரிசையிலும் ஆறாறு, தகரம் பகரம் நகரம் மூன்றிலும் ஐயைந்து, ககரம் வகரம் சகரம் மூன்றிலும் நந்நான்கு, யகரத்தில் ஒன்று என நெடில்கள் 40. ‘நொ’, ‘து’ என்ற இரு குறில்களைச் சேர்த்தால் 42. ஆங்கிலத்தில் ஓரெழுத்துச் சொல்லாக அன்றாடம் வருபவை இரண்டே. அந்த 42இல் ஒன்றான ‘கா’ சோலையைக் குறிப்பது. மட்டக்களப்புப் பேச்சில் நெருங்கியவரை ‘என்னகா’ என்று அழைக்கும்போது ஒட்டிக்கொள்ளும் ‘கா’ அந்தக் கணக்கில் சேராதது. சேர்க்கச் சொல்லி எந்த இலக்கணகாரரும் கேட்கவில்லை என்பது வேறு விடயம்.

நன்னூல் நீளத்துக்கு மேலெல்லையும் வைத்தது. பிரிக்க முடியாத பகாப்பதம் இரண்டெழுத்து முதல் ஏழெழுத்து வரை, பிரிக்கக்கூடிய பகுபதம் இரண்டு முதல் ஒன்பது வரை. ஏழுக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று உத்திரட்டாதி. ஒன்பதுக்கு அதன்மேல் இரண்டெழுத்தை ஏற்றி உத்திரட்டாதியான். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து அணி, அறம், அகலம், அருப்பம், தருப்பணம், உத்திரட்டாதி என்று படிப்படியாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால், இன்றைய சொல்லாட்டக்காரருக்கும் அந்த உரைகாரருக்கும் அதிக தூரமில்லை என்று தோன்றும். மட்டக்களப்பு எட்டெழுத்து என்றாலும் ‘களப்பு’ அதில் தனிச்சொல். ஆகையால் அது தொடராகி நீண்டது, பகாப்பத எல்லையை மீறவில்லை.

எந்த எழுத்து எங்கே வரலாம் என்பதற்கும் விதி உண்டு. நன்னூலின்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்து வகைகள் 22, இறுதியில் வரக்கூடியவை 24. இந்த விதி தெரிந்தவர் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தின் முதலெழுத்தாக டகரத்தையோ றகரத்தையோ எண்ணிப் பார்க்கவே மாட்டார். மேலே சொன்ன ரயரும் டொக்டரும் இந்த வாசலை உடைத்துக்கொண்டு வந்தவை. காத்தான்குடி, ஏறாவூர், மண்டூர், களுவாஞ்சிக்குடி என்று வாவியைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்கள் அந்த வாசல் வழியாகவே நுழைகின்றன.

இதுவரை சொன்ன எண்ணிக்கையில் மெய்யெழுத்தும் ஓர் எழுத்து. ஆனால் யாப்பில் அப்படியல்ல. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒற்றெழுத்துகளைத் தள்ளிவிடுவார்கள். அப்படி எண்ணினால் மட்டக்களப்பு எட்டிலிருந்து ஐந்தாகச் சுருங்குகிறது. ம, ட, க, ள, பு. இது சிங்களப் பெயரோடு வைத்துப் பார்க்கத்தக்கது. மடகலபுவ என்ற அந்தப் பெயருக்குச் சேற்றுக் களப்பு என்று பொருள். அதன் ஆறெழுத்து ம, ட, க, ல, பு, வ. தமிழ்ப் பெயரின் ஒற்றுகளை உதிர்த்து, ளகரத்தை லகரமாக்கி, இறுதியில் ஒரு வகரம் வைத்தால் சிங்களப் பெயர் வந்துவிடுகிறது. பெயர்ப்பலகையில் எட்டும் ஆறுமாக விலகி நின்ற இரண்டும், யாப்புக்காரரின் கணக்கில் நீளத்தில் ஒரே ஓர் எழுத்தால்தான் வேறுபடுகின்றன.

நீளத்தோடு இடத்தையும் நிபந்தனையாக்கித் தேடுவதற்கான கருவிகளும் தமிழில் இருந்தன. எதுகை என்பது முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. செய்யுள் எழுதுபவருக்கு வேண்டியது ‘இரண்டாமிடத்தில் டகரம் உள்ள சொற்கள்’ என்பது போன்ற பட்டியல். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தன் பதினோராம் தொகுதியை எதுகை வரிசையிலேயே அடுக்கியது. முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கும் முறை 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டில் வந்தது. ‘அகராதி’ என்ற சொல் நிலைபெற்றதும் அதிலிருந்துதான். வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி கொண்டது. நான்காவதான தொடையகராதி எதுகைத் தேடலுக்கென்றே அமைந்தது. இன்று ‘இரண்டாவது எழுத்து இது, மற்றவை எதுவும் ஆகலாம்’ என்று கணினியிடம் கேட்பவர் கேட்பது, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சில்லாத சுவடியில் ஒருவர் ஏற்கெனவே விடை எழுதிவைத்த கேள்வி.

எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடுவது சித்திரகவியின் வேலை. தண்டியலங்காரம் பன்னிரண்டு வகைகளைச் சொல்கிறது. எழுத்துவருத்தனத்தில் ஒரு சொல் எழுத்தெழுத்தாக வளரும், அக்கரச்சுதகத்தில் எழுத்தெழுத்தாகத் தேயும். மூன்றெழுத்துக் கரத்தின் முன் ஓரெழுத்தை வைத்துப் பார்த்தால் மகரம், நகரம், தகரம், சிகரம் என்று நாலெழுத்துச் சொற்கள் வரிசையாக வருவதைக் கண்டுகொள்ளலாம். மாலைமாற்று முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்கப்படுவது. திருஞானசம்பந்தர் அதில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பலரும் அறிந்த சான்று ‘விகடகவி’. ஆனால் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னிருந்து படித்தால் அது விகடகவியாக வராது. உயிர்மெய்யை இரண்டாக உடைத்த உடனே மாலை அறுந்துவிடுகிறது.

அந்த உடைப்பில்தான் வாவிக்கரை ஊர்ப்பெயர்களின் நீளம் தாறுமாறாகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியின் கரைகளிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும் உள்ள ஊர்களை எடுத்து எண்ணிப் பார்த்தால் இது புலப்படும். கிரான் தமிழில் மூன்று, ஆங்கிலத்தில் ஐந்து. ஏறாவூர் நான்கு, ஆறு. கல்லடி நான்கு, ஏழு. ஓட்டமாவடி ஆறு, பத்து. வந்தாறுமூலை ஆறு, பதினான்கு. எல்லாவற்றையும் விஞ்சுவது வாழைச்சேனை. தமிழில் ஐந்தே எழுத்து, ஆங்கிலத்தில் பதின்மூன்று. ‘வா’வுக்கு இரண்டு, ‘ழை’க்கு மூன்று, ‘ச்’சுக்கு இரண்டு, ‘சே’க்கு மூன்று, ‘னை’க்கு மூன்று. சகரத்துக்கு ‘சீ, எச்’ என்று இரண்டெழுத்து வேண்டியிருப்பதும், ஐகாரத்துக்கு ‘ஏ, ஐ’ வேண்டியிருப்பதும், உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிவதும் சேர்ந்து இந்த நீளத்தை உண்டாக்கின. இத்தனை எழுத்தைச் செலவழித்தும் ழகரம் கைக்கு வரவில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் அங்கே ‘எல்’ ஒன்றுதான். வாகாரம் நெடில் என்பதும் போய்விட்டது. எட்டெழுத்து அதிகமாகியும் சொல்லின் விவரம் குறைந்திருக்கிறது.

நீளம் நிலையாக இருப்பதும் இல்லை. பாசிக்குடாவை ஆங்கிலத்தில் ஒரு ‘எஸ்’ வைத்து எழுதினால் ஒன்பது, இரண்டு ‘எஸ்’ வைத்தால் பத்து. இரண்டையும் காணலாம். கல்குடா, பாசிக்குடா, நாவற்குடா ஆகியவற்றின் கடைசியில் வரும் ‘எச்’ ஒலிக்காதது. ‘டா’ நெடில் என்று காட்ட வைத்த காவல் அது. ஆனால் நெடிலுக்கு முடிவில் வைக்கும் அந்தக் காவலை நடுவில் யாரும் வைப்பதில்லை.

டகர இரட்டிப்புதான் மிகவும் குழப்புவது. மட்டக்களப்பின் ஆங்கில வடிவத்தில் ‘ட்ட’ இரண்டு ‘ரீ’ ஆகிறது. பட்டிருப்பிலும் ஓட்டமாவடியிலும் அதே ‘ட்ட’ இரண்டு ‘டீ’. காத்தான்குடியில் இரண்டு ‘ரீ’ வருகிறது, ஆனால் அங்கே அது ‘த்த’. ஆக, இரட்டை ‘ரீ’ உள்ள ஊர்ப்பெயர்களைத் தேடுபவருக்கு ட்டவும் த்தவும் கலந்து கிடைக்கும். ட்ட உள்ள ஊர்களைத் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். பழைய பெயர்களை ஐரோப்பியர் கேட்டபடி எழுதிக்கொண்டதும், பிற்காலப் பெயர்களை உள்ளூர் அலுவலகங்கள் தமிழெழுத்தைப் பார்த்து எழுதியதும் ஒரே வரைபடத்தில் கலந்துபோனதன் விளைவு இது.

ஐரோப்பியர் கேட்டெழுதியதன் விசித்திரத்துக்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை நல்ல சாட்சி. அமெரிக்க மிஷனார் 1823இல் அங்கே தொடங்கிய உயர்கல்விச் செமினரிக்கு அவர்கள் வைத்த பெயரும் பத்தெழுத்துக் கொண்டது. அதன் முதல் ஆறெழுத்து மட்டக்களப்பின் முதல் ஆறெழுத்தேதான், பீ, ஏ, ரீ, ரீ, ஐ, சீ. தமிழில் ஒன்று மகரத்தில் தொடங்குகிறது, மற்றது வகரத்தில். இதழ்களால் பிறக்கும் மகரமும், இதழும் பல்லும் தொட்டுப் பிறக்கும் வகரமும் அந்நியர் காதில் ஒரே பகரமாயின. பத்தெழுத்து, முதல் ஆறும் இவை என்று நிபந்தனை போட்டால் இலங்கையின் வடக்கும் கிழக்கும் ஒரே விடையில் வந்து நிற்கும். பின்னாளில் வட்டுக்கோட்டை வகரத்தையும் இரட்டை ‘டீ’யையும் மீட்டுக்கொண்டது, மட்டக்களப்பு பகரத்தோடு நின்றுவிட்டது.

ஸ்கிரபிளில் ஊர்ப்பெயர்களுக்கு அனுமதி இல்லை. இருந்திருந்தால் மட்டக்களப்பின் பத்தெழுத்துக்கும் 14 புள்ளி கிடைக்கும். ‘பீ’க்கும் ‘சீ’க்கும் மும்மூன்று, மற்றவைக்கு ஒவ்வொன்று. ஆனால் சுற்றுப்புற ஊர்களை எழுதப் பலகையில் வில்லை போதாது. ககரம் தமிழில் தாராளம், ஆங்கிலத்தில் ‘கே’ அருமை. காத்தான்குடிக்கு இரண்டு ‘கே’ வேண்டும், இருப்பது ஒன்று. கொக்கட்டிச்சோலைக்கு முதல் நாலெழுத்துக்குள்ளேயே மூன்று ‘கே’. இருக்கும் ஒன்றோடு இரண்டு வெற்று வில்லைகளையும் கொடுத்தால்தான் அந்த ஊரை எழுதி முடிக்கலாம். அதன்பிறகு களுவாஞ்சிக்குடிக்கு ஒன்றும் மிஞ்சாது. நியூயோர்க் பத்திரிகையை எண்ணிச் செய்த பங்கீடு வாவிக்கரைக்கு ஒத்துவராதது இயல்பே.

அனுமதி உள்ள தமிழ்வழிச் சொற்கள் வேறு. ஆங்கில அகராதியில் குடியேறிய இவற்றின் நீளத்தை ஒப்பிட்டால் பொது விதி ஒன்றும் தேறாது. கறி இரண்டெழுத்து, ஆங்கிலத்தில் ஐந்து. சுருட்டு நான்கு, அங்கே ஏழு. கட்டுமரம் ஆறு, அங்கே ஒன்பது. மிளகுத்தண்ணீர் எட்டு, அங்கே பன்னிரண்டு. இவற்றுக்கிடையில் அணைக்கட்டு மட்டும் இங்கும் ஆறு, அங்கும் ஆறு. இலங்கையின் நீர்ப்பாசன ஆவணங்களில் அந்த ஆங்கில வடிவம் இன்றும் வழங்குகிறது. ஆட்டக்காரருக்கு இவை விலையுள்ள சொற்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் அருகிய எழுத்துச் சேர்க்கைகளை இவை சுமந்து வந்திருக்கின்றன.

தமிழெழுத்திலேயே இந்த ஆட்டத்தை ஆட நினைத்தால் படுவான்கரை நல்ல தொடக்கம். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே அது விழும் பக்கம் படுவான்கரை. இரண்டும் ஆறெழுத்து. கடைசி நான்கும் ஒன்று, முதல் இரண்டு மட்டும் வேறு. அந்த இரண்டில் இரண்டாவதும் முழுக்க வேறல்ல, ‘ழு’வும் ‘டு’வும் உகரத்தில் ஒன்றுபடுகின்றன. தமிழெழுத்து ஒன்றுக்குள் மெய்யொற்றுமை, உயிரொற்றுமை என இரண்டு அடுக்கு இருப்பதால், ‘இந்த எழுத்து சரியா, தவறா’ என்ற கேள்விக்கு ஆங்கிலத்தைப்போல ஒரே விடை சொல்ல முடியாது.

கணினி இதற்குள் மூன்றாவது எண்ணிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. யுனிகோட் குறிமுறையில் அகரமேறிய மெய் ஒரு குறியீடு. புள்ளி தனிக் குறியீடு, உயிர்க்குறி தனிக் குறியீடு. அதன்படி மட்டக்களப்புக்கு 12 குறியீடு, வாழைச்சேனைக்கு 10. கொக்கட்டிச்சோலையில் ஒகர, ஓகரக் குறிகளை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். ஆகவே ஒரே சொல் 15ஆகவும் 17ஆகவும் எண்ணப்படும். நிரலொன்றிடம் சொல்லின் நீளம் கேட்டால் அது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் தரும். தலைகீழாக்கச் சொன்னால் விகடகவியின் முன்னால் இகரக்குறி மட்டும் தனியே வந்து நிற்கும். குறுஞ்செய்தியிலும் இந்தக் கணக்குக்கு விலை உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடமென்றால் தமிழில் 70. அந்த 70இல் மட்டக்களப்பு என்று ஒருமுறை எழுதவே 12 போய்விடும். யுனிகோடுக்கு முன் இலங்கையில் எங்கும் புழங்கிய பாமினி எழுத்துருவில் நிலைமை இன்னும் வேடிக்கை. அதில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. புள்ளி இருந்த இடம் அரைப்புள்ளிக் குறி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் மட்டக்களப்பு, ‘கே, எல், அரைப்புள்ளி, எல்’ என்று தொடங்கும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும்.

தமிழில் ஐந்தெழுத்து, நாலெழுத்துச் சொல்லூக ஆட்டங்களை அமைப்பவர்கள் ஆகையால் முதலில் எண்ணும் முறையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நன்னூலாரைப்போல ஒற்றையும் ஓரெழுத்தாகக் கொண்டு, உயிர்மெய்யை உடைக்காமல் ஒரே கட்டத்தில் வைப்பதே படிப்பவரின் கண்ணுக்கு ஏற்றது. கணினியின் குறியீட்டு எண்ணிக்கை அதற்கு உதவாது. அடுத்தது வண்ணம் தீட்டும் சிக்கல். வேர்டிலில் இடமும் சரியான எழுத்துக்குப் பச்சை, சொல்லில் வேறிடத்தில் உள்ளதற்கு மஞ்சள், இல்லாததற்குச் சாம்பல். விடை கல்லடி, ஆடுபவர் ஊகித்தது கல்குடா என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் நாலெழுத்து. முதல் இரு கட்டங்களுக்குப் பச்சை. மூன்றாவது கட்டத்தில் ‘ல’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கு’ இருக்கிறது. அது சாம்பல்தானா, அல்லது முதற்கட்டத்துக் ககரத்தின் உறவு என்று ஏதாவது சாடை காட்ட வேண்டுமா? நாலாவது கட்டத்தில் ‘டி’க்குப் பதில் ‘டா’, மெய் சரி, உயிர் தவறு. ஆங்கில ஆட்டத்தின் பச்சை, மஞ்சள், சாம்பல் மூன்றில் எதுவும் இதற்குப் பொருந்துவதில்லை. நான்காவதாக ஒரு நிறம் வேண்டியிருக்கிறது.